மக்கள் மைக்

அதைத் தொடாதீங்க அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதீங்க, ஷாக்கெல்லாம் அடிக்காது. அந்தச் சவுண்டுக் குமிழு ஒரு அளவுல நிக்குது, கை பட்டா மாறிரும். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அது ஒரு கால் ஆடும். இந்தப் பெட்டி மேல உக்காருங்க. ஸ்பீக்கர் பெட்டிதான், நாலு பேர் ஏறி நின்னாலும் தாங்கும். கம்பெனி வாங்கிக் குடுத்தது.

காதுகுத்துன்னு சொன்னீகள்ல, யாருக்கு? தங்கச்சி மகளுக்கா. அப்ப நீங்கதான் தாய்மாமன். நல்லது அண்ணாச்சி, ரொம்ப நல்லது. உங்க மடியிலதான் பிள்ளைய உக்கார வச்சுக் குத்துவாக.

தேதி பதினேழா? புதன்கிழமை. எனக்கு ரொம்பத் தோதான தேதி அண்ணாச்சி. எதுக்குன்னு பெறகு சொல்றேன்.

ஆனா ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. உங்க ஊருக்கும் எங்க ஊருக்கும் நடுவுல மூணு மைக் செட்டுக் கடை இருக்கே. அவ்வளவையும் தாண்டி இங்க வந்திருக்கீக, என் பேரை யாரு சொன்னா? எங்க ஊர்க்காரன் எவனும் சொல்லியிருக்க மாட்டான், அது எனக்குத் தெரியும். போர்டைப் பாத்து வந்தீகளா. அதானே பாத்தேன்.

பத்து மாசமாச்சு அண்ணாச்சி, எங்க ஊர்ல ஒருத்தரும் என்னைக் கூப்பிடறதில்ல. கல்யாணமா இருக்கட்டும், சடங்கா இருக்கட்டும், வெளியூர்ல இருந்து செட்டு வருது. பங்குனிப் பொங்கலுக்கு வந்தானே ஒருத்தன், அவன் வயரைக் கொண்டாந்து என் கடை வாசல் போஸ்ட்லயே கட்டினான். எக்கோவை முழுசாத் திருகி விட்டு, சாமி பாட்டு சாமிக்கே வெளங்கல. நான் உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். இருபத்தாறு வருசம் அந்தப் பொங்கலுக்கு மைக் போட்டவன் நான். இந்த சுப்புக்காளை போட்ட மைக் ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஊளையிட்டிருக்குமா? கேட்டுப் பாருங்க. மைக் ஊளையிட்டா மைக்காரனுக்கு அசிங்கம். எங்க தொழில்ல அது ஒண்ணுதான் மானம்.

நான் என்ன கொலையா செஞ்சிட்டேன்? மைக் போட்டேன். அவ்வளவுதான். மைக்காரனுக்குக் கட்சி கிடையாது அண்ணாச்சி. எலெக்சன் வந்தா மூணு கட்சிக்கும் நான்தான் செட்டு. காலையில ஒருத்தர் வந்து எதிர்க்கட்சிக்காரனைத் திருடன்னு சொல்லுவார், சாயங்காலம் அந்தத் திருடன் வந்து இவரைத் திருடன்னு சொல்லுவார். ரெண்டு பேருக்கும் ஒரே மைக்தான், ஒரே சவுண்டுதான். அப்படி இருந்தவன் நான்.

இந்த மிக்சரைப் பாருங்க. பன்னெண்டு லைன் ஏத்தலாம். உங்க காதுகுத்துக்கு மூணு போதும், பாட்டுக்கு ஒண்ணு, மொய் வாசிக்க ஒண்ணு, பூசாரிக்கு ஒண்ணு. இந்தச் சின்னப் பட்டன் இருக்கு பாத்தீகளா, இதை அமுக்கினா, வெளிய சத்தம் போகாட்டியும் ஹெட்போன்ல எனக்கு மட்டும் கேக்கும். பாட்டை வெளிய விடறதுக்கு முன்னாடி சரியா இருக்கான்னு நாம மட்டும் கேட்டுக்கலாம். பழைய ஆம்ப்ளிஃபயர்ல இந்த வசதியெல்லாம் ஏது.

எது? அந்த பிளாஸ்திரியா? ஆமா, அதுல 'மக்கள்'னுதான் எழுதியிருக்கு. பக்கத்துல இருக்கறது 'மேடை'. என் எழுத்துதான். எந்த லைன் எதுன்னு தெரியறதுக்காகப் பிளாஸ்திரி ஒட்டி எழுதறது. அந்தக் கூட்டத்துக்கு ஒட்டினது, பிய்க்க வரல, பசை பிடிச்சுக்கிட்டு.

என்ன கூட்டமா? கருத்துக் கேட்புக் கூட்டம் அண்ணாச்சி. எங்க ஊருக்கு மேக்க சுண்ணாம்புக்கல் குவாரி இருக்குல்ல, கம்பெனிக் குவாரி, அதை இன்னும் பெருசாக்கணும்னு கேட்டாக. அப்படிக் கேட்டா சனங்களைக் கூப்பிட்டுக் கேக்கணும்னு சட்டமாம். வேணும்கிறவன் வேணும்னு சொல்லலாம், வேண்டாம்கிறவன் வேண்டாம்னு சொல்லலாம், எல்லாத்தையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்புவாக. நல்ல சட்டம்தான். எனக்கு அதுல ஒண்ணும் மாறுபாடு இல்ல.

கூட்டம் அரசாங்கத்தோடது. மண்டபம் கம்பெனி கட்டிக் குடுத்தது. பந்தல் கம்பெனிது, நாற்காலி கம்பெனிது, தண்ணிப் பாட்டில் கம்பெனிது, கோழி பிரியாணி கம்பெனிது. மைக்கும் கம்பெனி சொல்லி நான் போட்டது. மேடையில உக்காந்திருந்த அதிகாரி மட்டும்தான் அரசாங்கத்தோடது, அவரு வந்த காருக்கும் யாரு டீசல் போட்டான்னு நான் கேக்கல. அது நமக்கெதுக்கு.

இதுல என்ன தப்புன்னு கேக்கேன். அரசாங்கத்துக்கிட்ட கேட்டா பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு எப்ப வரும்? கம்பெனி ஒரே வாரத்துல இறக்கிச்சு. முதுகுல கம்பெனி பேர் எழுதியிருக்கும், இருந்துட்டுப் போகட்டுமே, சாயறதுக்குப் பலகை இருக்குல்ல. பஞ்சாயத்து ஆபீசுக்குப் பெயிண்டு கம்பெனிதான் அடிச்சது. தலைவரு மாப்பிள்ளைக்கு லாரி கான்ட்ராக்ட் குடுத்தது. எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு குடுத்துச்சு, எனக்கு இந்தச் செட்டைக் குடுத்துச்சு. ஆயுத பூஜை, பாதுகாப்பு வாரம், பொங்கல் விழான்னு வருசம் பூரா குவாரியில வேலை. அங்க ஹென்றி சார்னு ஒருத்தர், ஊர்க்காரகளோட பேசிப் பழகறதுதான் அவருக்கு உத்தியோகம். தங்கமான மனுசன். 'சுப்புக்காளை சார்'னு கூப்பிடுவார். என்னை அதுக்கு முன்னாடி சார்னு கூப்பிட்டது யாரு?

கூட்டத்தன்னைக்குக் காலையில வந்தார். மேடைக்கு மூணு மைக், சனங்க பேச கீழ ஸ்டாண்டுல ஒரு மைக். நான் பிளாஸ்திரி ஒட்டி எழுதிக்கிட்டிருந்தேன். பின்னாடி நின்னு பாத்துட்டு, 'நல்ல எழுத்து சார்'னார். பெறகு சொன்னார், 'ஜனங்க உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவாங்க. மைக் வீய்னு கத்தும். அந்த நேரம் கொஞ்சம் குறைச்சுக்குங்க, அதிகாரிக்குக் காது வலிக்கக் கூடாது.' இவ்வளவுதான் சொன்னார். அணைச்சிருன்னு சொன்னாரா? சொல்லலையே. அதிகாரம் பண்ணினாரா? இல்லையே. மைக் கத்தக் கூடாதுன்னு சொன்னார், அதைத்தானே நான் இருபத்தாறு வருசமாச் செய்யறேன்.

வாசல்ல ஒரு நோட்டு வச்சிருந்தாக, வர்றவக கையெழுத்துப் போட. போட்டாத்தான் பிரியாணி டோக்கன். எங்க தெருக் கிழவர் ஒருத்தர், 'இது எதுக்கு கையெழுத்து? நான் குவாரி வேண்டாம்னு சொல்ல வந்தவன்'னு தயங்கினார். ஹென்றி சார் அவரு தோள்ல கை போட்டு, 'நீங்க எது வேணாலும் சொல்லுங்கய்யா, பேரு மட்டும் இருக்கட்டும்'னார். பெரியவர் போட்டுட்டார். நானும் போட்டேன். பெறகுதான் தெரியுது, அந்த நோட்டுல இருந்த அத்தனை பேரையும் 'கலந்துகொண்டு ஆதரவு தெரிவித்தவர்கள்'னு ஒரு பக்கத்துல சேத்து அனுப்பியிருக்காக. அது ஏதோ டைப் அடிச்ச பிள்ள செஞ்ச தப்பா இருக்கும்.

கூட்டம் ஆரம்பிச்சது. வேணும்னவக முதல்ல பேசினாக. தலைவர் பேசினார், லாரிக்காரக பேசினாக, நிதானமாப் பேசினாக, எழுதிக் கொண்டாந்து வாசிச்சாக. மைக் ஒரு சிணுங்கல் சிணுங்கல. பெறகு மத்தவக வந்தாக. அவுகளுக்கு எழுதி வாசிக்கவா தெரியும்? வந்ததும் மைக்கைக் கையில பிடுங்கி, வாய்க்குள்ள திணிக்கிற மாதிரி வச்சுக்கிட்டு ஒரே சத்தம். வெடி வைக்கிற அன்னைக்குச் சுவர் விரிசல் விடுதுங்கான் ஒருத்தன், மாட்டுக்குத் தண்ணி இல்லங்கான் ஒருத்தன். ஊளையிடப் பாத்துச்சு, குறைச்சேன். அடுத்தவன் வந்தான், குறைச்சேன். மண்டபத்துல கத்திப் பேசினதால பக்கத்துல இருந்தவகளுக்குக் கேட்டுச்சு. கூட்டத்தைப் படம் பிடிச்ச வீடியோக்காரன் சவுண்டை என் மிக்சர்ல இருந்துதான் எடுத்தான், அதுல கேக்கல. அந்த வீடியோவைப் போட்டுக் கேட்டுத்தான் யாரு என்ன பேசினாகன்னு எழுதுவாகன்னு எனக்கென்ன தெரியும்?

சரி, தெரியும். கேமராவுக்கு லைன் குடுத்தவனே நான்தானே. ஆனா அந்த நேரத்துல அதெல்லாம் யாரு யோசிக்கா?

அதோட அன்னைக்குக் கரண்டும் சரியில்ல அண்ணாச்சி. வோல்டேஜ் ஏறி இறங்கிக்கிட்டே இருந்துச்சு. என் தங்கச்சி பேசறப்ப மைக் எடுக்காமப் போனதுக்கு அதுதான் காரணம்.

ஆமா, தங்கச்சி. நான் சொல்லலையா? மாரிக்கனின்னு பேரு. கூடப் பிறந்தவ அவ ஒருத்திதான். மாப்பிள்ள திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காரு, இவ இங்க ரெண்டு ஏக்கர் கிணத்துப் பாசனம், அவளே தண்ணி கட்டி அவளே களையெடுத்து, கத்திரியும் வெண்டையும் போட்டுச் சந்தைக்குக் கொண்டு போவா. குவாரி பெருசானா அவ தோட்டத்து வேலி வரைக்கும் வரும். கிணறு வத்திரும்னா. கம்பெனி நல்ல விலை தரும், வித்துட்டு உக்காருன்னு நான் சொன்னேன். அண்ணன்காரன் நல்லதுக்குத்தானே சொல்வான்? கேக்கல.

கூட்டத்துக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தா. 'அண்ணே, எழுதிக் குடுத்தாலும் போதுங்காக, ஆனா நான் பேசத்தான் போறேன். எப்படி நிக்கணும், எவ்வளவு தூரத்துல வச்சுப் பேசணும்?'னா. நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு சாண் தள்ளி நில்லு, சத்தம் போடாத, அவசரப்படாத, அண்ணன் பாத்துக்கிடுறேன்னேன். எம் பொண்டாட்டி கரண்டியை மைக் மாதிரி பிடிச்சு நிக்க, இவ அடுப்படியில நின்னு பேசிப் பாத்தா. எல்லாரும் சிரிச்சோம்.

கூட்டம் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு இங்க வந்தா. இந்தா, இந்த மேசைக்கு எதுத்தாப்லதான் நின்னா. தகவல் சட்டத்துல எழுதிப் போட்டு, கூட்டத்தோட அறிக்கையை வாங்கியிருக்கா. ஒரு தாளை எடுத்து வச்சு, 'என் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கு, வாசிண்ணே'ன்னா. அவளுக்கு வாசிக்கத் தெரியும் அண்ணாச்சி, எட்டாவது படிச்சவ. என்னைத்தான் வாசிக்கச் சொன்னா. 'திருமதி மாரிக்கனி, பேச்சு தெளிவாக இல்லை.' அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு. இப்படியே பதினாலு பேருக்கு எழுதியிருந்துச்சு. எதிர்ப்புத் தெரிவிச்சவக நாலே பேருன்னு போட்டிருந்தாக.

'நான் தெளிவாத்தானேண்ணே பேசினேன்?'னு கேட்டா. நான் வோல்டேஜைச் சொன்னேன். மேடை மைக் மட்டும் எப்படிண்ணே எடுத்துச்சுன்னா. வயரு லூசுன்னேன். முதல்ல வேணும்னு பேசினவகளுக்கும் அதே வயருதானேன்னா. ஊளையிட்டுச்சு, அதான் குறைச்சேன்னேன். தாளை மடிச்சா, இடுப்புல செருகினா, போயிட்டா. போறவ ஊர்ல போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டா, அவ குணம் எனக்குத் தெரியும். ஆனா மத்த பதிமூணு பேருக்கும் அதே தாள் வந்துச்சுல்ல.

ஆவணியில அவ மகளுக்குக் காது குத்தினா. எனக்குச் சொல்லல. உங்களை மாதிரி நானும் தாய்மாமன்தானே அண்ணாச்சி? பிள்ள பிறந்த அன்னைக்கே கம்மல் எடுத்து வச்சவன் நான், இந்த மேசைக்குள்ளதான் கிடக்கு. கோயிலுக்குப் போனேன், கூப்பிடாட்டியும் போனேன். பிள்ளைய மாரிக்கனி தன் மடியிலேயே வச்சுக் குத்திட்டா. மைக்கும் வைக்கல. பிள்ள அழுத சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. வேப்பமரத்தடியில நின்னுட்டுத் திரும்பிட்டேன். ஒரு மனுசனுக்கு இதைவிட என்ன அவமானம் வேணும்?

இப்ப அந்தப் பதினாலு பேரும் சேந்து கேஸ் போட்டிருக்காக. மெட்ராஸ்ல. போன வாரம் ஒரு வக்கீலம்மா வந்தா, சின்ன வயசு, இந்தப் பெட்டி மேலதான் உக்காந்தா. 'அண்ணா, நீங்க கோர்ட்டுக்கு வந்து, அவங்க பேசினாங்க, நான்தான் மைக்கைக் குறைச்சேன்னு சொன்னாப் போதும். கூட்டத்தைத் திரும்ப நடத்தச் சொல்லிக் கேக்கலாம். வேற சாட்சி இல்லண்ணா'ன்னா. சொன்னா எனக்கு என்ன ஆகும்னு கேட்டேன். யோசிச்சுட்டு, 'கம்பெனி வேலை போகும்'னா. பொய் சொல்லல, நல்ல பொண்ணு. ஊர் வேலைதான் போச்சு, கம்பெனி வேலையும் போனா நான் எங்க போவேன்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன். அவ போறப்ப, 'பதினேழாம் தேதி வாய்தா. வர்றதுன்னா வாங்கண்ணா, மாரிக்கனி அக்கா உங்களுக்கும் சேத்துத்தான் டிக்கெட் எடுத்திருக்காங்க'ன்னா.

எடுத்திருக்கா பாருங்க. பத்து மாசம் முகத்தைப் பாக்காதவ டிக்கெட் எடுத்திருக்கா.

அதான் சொன்னேன், பதினேழு எனக்குத் தோதான தேதின்னு. நீங்க கூப்பிட்டீகன்னா, வேலை வந்துருச்சு, ஒத்துக்கிட்டேன், அதான் வர முடியலன்னு சொல்லிக்கிடலாம். பொய்யும் இல்ல. சபை நிறைஞ்ச ஒரு நல்ல காரியத்தை விட்டுட்டு வான்னு யாரும் சொல்ல முடியாதுல்ல.

என்ன கேட்டீக? அவளும் கத்தித்தான் பேசினாளான்னா?

இல்ல அண்ணாச்சி. அவ குரல் எப்பவுமே மெதுவு. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே ஒரு சாண் தள்ளி நின்னா. மைக் கத்தல. கத்தவே இல்ல. கரண்டும் நல்லாத்தான் இருந்துச்சு.

அவ வந்து நின்னதும் ஹென்றி சார் என் பக்கம் திரும்பிப் பாத்தார். ஒண்ணும் சொல்லல, கையைக் கூட அசைக்கல. சும்மா பாத்தார். என் கை தானாப் போய் இந்தக் குமிழை இறக்கிருச்சு. தானாத்தான் போச்சு. அவர் ஏன் பாத்தாருன்னு கூட எனக்குத் தெரியாது, மணி என்னன்னு பாத்திருக்கலாம். என் தலைக்கு மேலதான் கடிகாரம் இருந்துச்சு.

ஆனா ஹெட்போனுக்கான அந்தச் சின்னப் பட்டன் போட்டபடியே இருந்துச்சு அண்ணாச்சி. அந்த மண்டபத்துல எண்ணூறு பேர் இருந்தாக, மேடையில அதிகாரி இருந்தாரு, கேமரா இருந்துச்சு. அவ பேசினதை முழுசாக் கேட்டது நான் ஒருத்தன்தான். மூச்சு விட்டது கூடக் கேட்டுச்சு.

ஞாபகம் இருக்கான்னா கேக்கீக? 'ஐயா, என் பேரு மாரிக்கனி. வெடி வைக்கிற அன்னைக்கு என் கிணத்துத் தண்ணி பால் மாதிரி வெளுத்துப் போகுது, ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெளியுது. அதைத்தான் எம் பிள்ள குடிக்கா. குவாரி வேணும்கிறவகளை நான் குத்தம் சொல்லல, அவுகளுக்கு அதுல பொழப்பு இருக்கு. எனக்கு இதுல பொழப்பு இருக்கு. எங்களைக் கேட்டுத்தான் செய்யணும்னு சட்டம் இருக்காமே, அதான் வந்தேன். வேண்டாம்னு நான் சொன்னா அதை எழுதிக்கிடுவீகளா? எனக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கமில்ல. ஆனா இன்னைக்கு மைக் போடறது எங்க அண்ணன். அதனால பயமில்ல.'

இதான் பேசினா. ஒரு வார்த்தை கூடுதல் குறைச்சல் இல்ல.

கடைசி வார்த்தையைச் சொல்லிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா அண்ணாச்சி. கேட்டுச்சாங்கிற மாதிரி தலைய ஆட்டினா. நானும் ஆட்டினேன்.

என்ன எந்திரிச்சிட்டீக? டீ சொல்லியிருக்கேன், வந்துரும். வாடகை கூடுதல்னா சொல்லுங்க, குறைச்சுக்கிடுவோம். காதுகுத்துல யாரு எதுத்துப் பேசப் போறா, உங்களுக்கு என்ன பயம்? மொய் வாசிக்கறதெல்லாம் கணீர்னு கேக்கும், அதுக்கு நான் பொறுப்பு. வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றீகளா? சரி, கலந்துக்கோங்க. அட்வான்ஸெல்லாம் வேண்டாம்.

அண்ணாச்சி, ஒரு நிமிசம். படியில பாத்து இறங்குங்க, இருங்க. என் நோட்டுல பதினேழாம் தேதிக்கு உங்க பேரை எழுதிக்கிடுறேன். செட்டு நீங்க வேற எங்க வேணாலும் எடுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

பேரு மட்டும் இருக்கட்டும்.